மயக்க டாக்டர் பதில்கள்: அட்ரீனல்ல கட்டி, நெஞ்சுல பேஸ்மேக்கர்

போன மாசம் இந்தப் பக்கத்துல, திடீர் திடீர்னு பிபியை ஏத்துற அட்ரீனல் கட்டி (சிறுநீரகத்துக்கு மேல இருக்குற சுரப்பியில வர்றது, ஃபியோகுரோமோசைட்டோமான்னு பேரு) பத்தி ஒரு சின்ன பதில் எழுதியிருந்தேன். அதுக்கு வந்த லெட்டர்ல நிறைய, பேஸ்மேக்கர் வச்சவங்க வீட்ல இருந்து. அதனால இந்த தடவை முழுப் பக்கமும் இதுக்கே. மாத்திரை பேரு சொல்லுவேன், அளவு சொல்ல மாட்டேன், அது உங்களைப் பார்க்குற டாக்டரோட வேலை.

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 67 வயசு. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் (இதயத்தோட மேலறை மின்சாரம் கீழறைக்குப் போகாத கோளாறு)னு சொல்லி நாலு வருஷம் முன்னாடி இடது பக்க நெஞ்சுல பேஸ்மேக்கர் வச்சாங்க, நல்லாதான் இருந்தார். தீபாவளிக்கு அப்புறம் திடீர்னு மண்டையைப் பிளக்குற தலைவலி, சட்டை நனையுற வேர்வை, முகம் வெளுத்துப் போயிடும், அப்ப பிபி பார்த்தா 210, அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா 130. பதட்டம்னு சொல்லி தூக்க மாத்திரை குடுத்தாங்க. இப்பதான் சிடி ஸ்கேன்ல வலது அட்ரீனல்ல 4 சென்டிமீட்டர் கட்டி இருக்குன்னு தெரிஞ்சது, 24 மணி நேர யூரின்ல மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் சிதைஞ்சு வர்ற பொருள்) ரொம்ப அதிகம். ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க. ஹார்ட் டாக்டர் 'பண்ணிக்கலாம்'னு ஒரு வரி எழுதிக் குடுத்தார், அதை மயக்க டாக்டர் பார்த்துட்டு 'இது பத்தாது'ன்னு திருப்பி அனுப்பிட்டார். சும்மா அலைய விடுறாங்களா? மயக்க மருந்து குடுத்தா பேஸ்மேக்கர் நின்னுடும்னு அப்பா வேற பயந்துட்டு இருக்கார்.
(வாசகி, காரைக்குடி)

பதில்: அலைய விடலைம்மா, அந்த மயக்க டாக்டர் ஒழுங்கா வேலை பார்க்குறார். 'ஃபிட் ஃபார் சர்ஜரி'ன்னு ஒத்தை வரி எழுதின சீட்டு எங்ககிட்ட தினமும் வருது, அதை ஃபைல்ல குத்தி வைக்கலாம், வேற ஒண்ணுக்கும் ஆகாது. எங்களுக்குத் தெரிய வேண்டியது எந்தக் கம்பெனி, என்ன மாடல், எந்த மோடுல ஓடுது, பேட்டரி எவ்ளோ மிச்சம், ஒயர் ரெண்டும் ஒழுங்கா வேலை செய்யுதா, எல்லாத்துக்கும் மேல பேஸ்மேக்கரை ஒதுக்கிட்டுப் பார்த்தா உங்கப்பாவுக்கு சொந்தத் துடிப்புன்னு ஒண்ணு இருக்கா இல்லையா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஸ்கேன், எக்ஸ்ரே எதுலயும் பதில் கிடையாது. பேஸ்மேக்கர் கிளினிக்ல அவரைப் படுக்க வச்சு, நெஞ்சு மேல ஒரு கருவியை வச்சு, பக்கத்துல இருக்குற புரோகிராமர் மிஷின்ல ரேட்டை 60, 50, 40ன்னு கொஞ்சம் கொஞ்சமா இறக்குவாங்க. சொந்தத் துடிப்பு கிளம்பி வந்தா ஈசிஜில தெரியும். வரலைன்னா அவர் 'தலை சுத்துது'ன்னு சொல்றதுக்குள்ள திரும்ப ஏத்திடுவாங்க. கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் ஆளுங்க பல பேருக்கு சொந்தமா ஒண்ணும் இருக்காது, அவங்களை 'டிபென்டென்ட்'னு சொல்லுவோம். உங்கப்பா அதுல வருவார்னுதான் நினைக்கிறேன், ஆனா நினைச்சு என்ன பண்றது, செக் பண்ணித்தான் தெரிஞ்சுக்கணும். பேஸ்மேக்கர்னா ஆபரேஷனுக்கு முந்தின ஒரு வருஷத்துக்குள்ள ஒரு செக்கப் ஆகியிருக்கணும்கிறது பொதுவா இருக்குற வழக்கம். இந்தக் கட்டி மாதிரி கேஸுக்கு நான் ஒரு வருஷமெல்லாம் பார்க்க மாட்டேன், அந்த மாசமே திரும்ப ஒரு தடவை பார்க்கச் சொல்லுவேன்.

இப்ப அப்பாவோட பயத்துக்கு வருவோம். மயக்க மருந்து பேஸ்மேக்கரை நிறுத்தாது. புரோபோஃபால், ஃபென்டனில், சீவோஃப்ளூரேன்னு நாங்க குடுக்குற எதுவும் அந்தப் பெட்டிக்குள்ள போய் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. அதுக்கு வில்லன் சர்ஜன் கையில இருக்குற காட்டரி, ரத்தம் வராம கரண்ட் வச்சு கருக்குற குச்சி. பேஸ்மேக்கர் எப்பவும் இதயத்தை ஒட்டுக் கேட்டுட்டே இருக்கும், இதயம் தானா துடிச்சா அது சும்மா இருக்கும், துடிக்கலைன்னா ஒரு தட்டு தட்டும். காட்டரி ஓடுறப்ப உடம்பு பூரா மின் இரைச்சல். அந்த இரைச்சலை இதயத் துடிப்புன்னு நினைச்சுக்கிட்டு 'ஓ, அது பாட்டுக்கு ஓடுது'ன்னு பேஸ்மேக்கர் பேசாம இருந்துடும். சொந்தத் துடிப்பு இருக்குற ஆளுக்கு இதனால ஒண்ணும் ஆகாது, டிபென்டென்ட் ஆளுக்கு காட்டரி ஓடுற அந்த நாலஞ்சு செகண்ட் இதயம் நின்னு போகும். தொப்புளுக்கு மேல நடக்குற ஆபரேஷன்ல இந்தத் தொல்லை அதிகம், அட்ரீனல் மேல்வயித்துலதான் இருக்கு. அதனால சர்ஜன்கிட்ட நாங்க முன்கூட்டியே பேசி வச்சுக்குவோம். முடிஞ்ச வரைக்கும் பைபோலார் (கரண்ட் கருவி நுனியிலயே சுத்தி முடியுற காட்டரி) இல்லைன்னா ஹார்மானிக் (அதிர்வால வெட்டுற கருவி) யூஸ் பண்ணுங்க, சாதா காட்டரி வேணும்னா ஒரு தடவைக்கு ரெண்டு மூணு செகண்டுக்கு மேல அமுக்காதீங்க, கரண்ட் திரும்பிப் போற பிளேட்டை தொடையிலயோ பின்பக்கத்துலயோ ஒட்டுங்க, கரண்ட் நெஞ்சு வழியா போகக்கூடாது. இவ்ளோதான், ஆனா இதை ஆபரேஷன் நடுவுல சொல்லி பிரயோஜனம் இல்ல.

உங்கப்பா விஷயத்துல இன்னொண்ணு இருக்கு, வலது பக்கக் கட்டி. லேப்பராஸ்கோப்பில வலது அட்ரீனலை எடுக்க ஆளை இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைப்பாங்க. பேஸ்மேக்கர் இடது நெஞ்சுல இருக்கு, அதாவது கீழ போற பக்கம். பேஸ்மேக்கர் மேல காந்தம் வச்சா அது பெரும்பாலும் ஒட்டுக் கேட்குறதை விட்டுட்டு ஒரே ரேட்ல தட்டும், அப்படி சமாளிச்சுக்கலாம்னு நினைச்சா, ஒருக்களிச்ச உடம்புல காந்தம் சரிஞ்சு விழும், மேல பச்சைத் துணி போர்த்தியாச்சுன்னா விழுந்ததே யாருக்கும் தெரியாது. அதனால இந்த மாதிரி கேஸ்ல கம்பெனி ஆளை அன்னிக்குக் காலைல தியேட்டருக்கே வரச் சொல்லி புரோகிராமரை வச்சே மோடை மாத்திக்கிறதுதான் நான் பண்ற வழி.

மோடை மாத்துறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, அந்த மயக்க டாக்டர் உங்களைத் திருப்பி அனுப்பினதுக்கு அதுதான் காரணமா இருக்கும்னு என் யூகம். காட்டரி இரைச்சலைக் கேட்கவே கேட்காத மாதிரி, ஒரே ரேட்ல தட்டிட்டே இருக்குற மாதிரி வச்சுக்கலாம். குடலிறக்கம், பித்தப்பைன்னு சாதாரண ஆபரேஷனா இருந்தா அதோட வேலை முடிஞ்சது. இந்தக் கட்டியில சர்ஜன் கை பட்டதும் அட்ரினலின், நார்அட்ரினலின் எல்லாம் ரத்தத்துல கொட்டும், இதயம் தன் பங்குக்கு ஓட ஆரம்பிக்கும், நடு நடுவுல கூடுதல் துடிப்பும் வரும். காது கேக்காத பேஸ்மேக்கர் அது எதையும் கவனிக்காம தன் பாட்டுக்குத் தட்டும். ஒரு துடிப்பு முடியுற நேரத்துல தப்பான இடத்துல அந்தத் தட்டு விழுந்துச்சுன்னா மோசமான ரிதம் கிளம்பிடும். அதனால டிபென்டென்ட் இல்லாத ஆளுக்கு இந்த மோடுக்கே போக வேண்டாம், சும்மா விட்டு பைபோலார்லயே முடிச்சுக்கலாம். டிபென்டென்ட் ஆளுக்கு வேற வழியில்ல, மாத்திட்டு ரேட்டைக் கொஞ்சம் தூக்கி வச்சு, நெஞ்சுலயும் முதுகுலயும் டிஃபிப் பேடை (தாளம் கெட்டா ஷாக் குடுக்குற ஒட்டு) ஒட்டிட்டு உட்கார்ந்திருப்போம். யாருக்கு எதுன்னு முடிவு பண்ணத்தான் அந்த ரிப்போர்ட்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கும் இதே கட்டி, அவருக்கும் பேஸ்மேக்கர் இருக்கு. ஆபரேஷனை ரெண்டு வாரம் தள்ளி வச்சு மாத்திரை குடுக்குறாங்க. அதுல ஒரு கூத்து, பிபி ஆளைப் போய் உப்பு போட்டு சாப்பிடுங்க, நிறைய தண்ணி குடிங்கன்னு சொல்றாங்க. இத்தனை வருஷம் உப்பைக் குறைச்சு குறைச்சு சமைச்சுட்டு இப்ப என் கையால அள்ளிப் போடணுமா? மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து மூக்கு அடைச்சுட்டே இருக்கு.
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: போடுங்கம்மா, இந்த ரெண்டு வாரம் மட்டும் போடுங்க, டாக்டர் சொன்ன அளவுக்கு. அந்தக் கட்டி ராத்திரி பகலா அட்ரினலின் கொட்டி ரத்தக்குழாயையெல்லாம் இறுக்கி வச்சிருக்கு, இறுகின குழாய்க்குள்ள ரத்தத்தோட அளவே குறைஞ்சு போயிருக்கும். பிபி மேல தெரியுது, உள்ள வறட்சி. ஃபினாக்ஸிபென்ஸமின், இல்ல பிரசோசின், டாக்ஸசோசின்னு ஏதாவது ஒண்ணு குடுத்திருப்பாங்க, அது குழாயைத் தளர்த்தும், தளர்ந்த இடத்தை நிரப்ப உப்பும் தண்ணியும் வேணும். இதைச் செய்யாம மேஜையில ஏத்தினா கட்டியை எடுத்த நிமிஷம் பிபி தரைக்குப் போயிடும். இதயம் வீக்கா இருக்குறவங்களுக்கு மட்டும் இந்த உப்பு தண்ணி அளவைப் பார்த்துப் பார்த்துக் குடுப்பாங்க, பேஸ்மேக்கர் இருக்குற ஆளுக்கு எக்கோ எடுக்காம நானே சொல்ல மாட்டேன்.

மூக்கடைப்பு நல்ல சேதி. மருந்து குழாயைத் தளர்த்திடுச்சுன்னு மூக்கு சொல்லுது. சளின்னு நினைச்சு மெடிக்கல் ஷாப்ல மூக்கடைப்பு மாத்திரை, சொட்டு மருந்துன்னு வாங்கிப் போட்டுடாதீங்க, அதுல இருக்குறதே குழாயை இறுக்குற மருந்து, எடுத்தா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும்.

ரெண்டு வாரம் போதுமான்னு எப்படித் தெரியும்னா, உட்கார்ந்து பார்த்தா 130/80க்குக் கீழ, எழுந்து நின்னு பார்த்தா மேல் நம்பர் 90க்குக் குறையாம இருக்கணும், நான் பார்க்குறது இதைத்தான். காலைல சட்டுனு எழுந்திரிக்க விடாதீங்க, கட்டில்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு எந்திரிக்கச் சொல்லுங்க. பழைய மாடல், ஒரே ரேட்ல ஓடுற பேஸ்மேக்கர்னா இன்னும் ஜாக்கிரதை. நமக்கெல்லாம் எழுந்து நிக்கும்போது பிபி இறங்கினா இதயம் வேகமா துடிச்சு ஈடு கட்டும், அந்தப் பெட்டிக்கு அது தெரியாது.

கேள்வி: படபடப்புக்கு எங்க ஊர் டாக்டர் புரோப்ரனலால் குடுத்திருந்தார். கட்டின்னு தெரிஞ்சதும் பெரிய ஆஸ்பத்திரில அதை உடனே நிறுத்திட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு அதே வகை மாத்திரையைத் திரும்ப எழுதுறாங்க. என்னங்க விளையாட்டு இது?
(வாசகர், தேனி)

பதில்: விளையாட்டு இல்லைங்க, வரிசை. அட்ரினலின் வேலை செய்ய ஆல்ஃபா, பீட்டான்னு ரெண்டு வழி, புரோப்ரனலால் பீட்டாவை அடைக்கிற மாத்திரை. முதல்ல குழாயை இறுக்குற ஆல்ஃபாவை அடைக்கணும், குழாய் தளர்ந்த பிறகுதான் பீட்டா. மாத்திக் குடுத்தா குழாயை விரிக்கிற கொஞ்ச நஞ்ச வழியும் அடைபட்டுப் போய், இறுக்குற வழி மட்டும் திறந்து கிடக்கும், பிபி எகிறும், இதயத்தால அதை எதிர்த்து தள்ளவும் முடியாம நுரையீரல்ல நீர் கோத்துக்கும். ஊர் டாக்டரைத் திட்டாதீங்க, படபடப்புன்னு வர்ற ஆயிரம் பேருக்கு அந்த மாத்திரைதான் சரி, கட்டி இருக்குன்னு நெத்தியில எழுதி வச்சுட்டு யாரும் வர்றதில்ல.

பேஸ்மேக்கர் இருக்குறதுல இங்க ஒரு சின்ன லாபம் உண்டு. இதயத் துடிப்பு ஏற்கனவே மெதுவா இருக்குற ஆளுக்கு பீட்டா மாத்திரை குடுக்க நாங்க பயப்படுவோம், நின்னு போயிடுமோன்னு. உள்ள பேஸ்மேக்கர் காவலுக்கு இருந்தா அந்தப் பயம் இல்ல, தேவைப்பட்ட அளவு தாராளமா குடுக்கலாம்.

கேள்வி: பேஸ்மேக்கர் மேல காந்தம் வச்சா மிஷின் ஆஃப் ஆகிடும், ஆளு காலின்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. உண்மையா சார்?
(வாசகர், திருப்பூர்)

பதில்: பொய். காந்தம் வச்சா பெரும்பாலான பேஸ்மேக்கர் ஒட்டுக் கேட்குறதை நிறுத்திட்டு ஒரே ரேட்ல தட்ட ஆரம்பிக்கும், காந்தத்தை எடுத்தா பழையபடி ஆகிடும். எந்த ரேட்டுங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி வேற, பேட்டரி நல்லா இருந்தா மெட்ட்ரானிக் 85, பாஸ்டன் சயின்டிஃபிக் 100. பேட்டரி தீர்ற நேரத்துல இந்த எண் குறையும், மெட்ட்ரானிக்ல 65க்கு வந்துடும், அதை வச்சே பெட்டி மாத்துற நேரம் வந்தாச்சான்னு கண்டுபிடிக்கலாம். பயோட்ரானிக் வகையில 90ல பத்துத் துடிப்பு தட்டிட்டு, கம்பெனி செட்டிங்ல விட்டிருந்தா, காந்தம் மேலயே இருந்தாலும் பழைய மோடுக்குப் போயிடும். மாடல் தெரியாம காந்தத்தை நம்பி ஆபரேஷன் ஆரம்பிக்கக் கூடாதுன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

ஷாக் குடுக்குற ஐசிடி பெட்டி வேற ஜாதி. அதுல காந்தம் வச்சா ஷாக் குடுக்குற வேலை மட்டும்தான் நிக்கும், பேஸ்மேக்கர் பகுதி எப்பவும் போல ஒட்டுக் கேட்டுட்டேதான் இருக்கும். ஐசிடி வச்ச டிபென்டென்ட் ஆளுக்கு 'மேல காந்தம் இருக்கே'ன்னு தைரியமா காட்டரி போட்டா இதயம் நிக்கும். வெளியில இருந்து பார்த்தா ரெண்டும் தோலுக்கு அடியில ஒரு மேடுதான், அதனால பேஷன்ட் 'பேட்டரி வச்சிருக்காங்க'ன்னு மட்டும் சொன்னா நான் விட மாட்டேன். ஐசிடின்னா ஆறு மாசத்துக்குள்ள செக்கப் ஆகியிருக்கணும்.

கேள்வி: முழு மயக்கம் வேண்டாம், முதுகுல ஊசி போட்டே பண்ண முடியாதா? அம்மாவுக்கு வயசு 70.
(வாசகர், சேலம்)

பதில்: முடியாது. வயித்துல காத்து அடைச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மூணு நாலு மணி நேரம். முழு மயக்கம்தான். பெரிய கட்டி, வயித்தைத் திறந்து எடுக்கணும்னா வலிக்காக முதுகுல எபிடியூரல் டியூப் கூடவே வைக்கலாம், அதுவும் மயக்கத்தோட சேர்த்துத்தான். வயசைப் பார்த்து பயப்படாதீங்க.

கேள்வி: நான் அனஸ்தீசியா டெக்னீஷியன் கோர்ஸ் படிக்கிறேன் சார். ஆபரேஷன் அன்னிக்கு உள்ள என்னதான் நடக்குது? பேஸ்மேக்கர் இருக்குறதால எங்க டேபிள்ல என்ன எடுத்து வைக்கணும்?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: இந்தக் கேள்வி கேட்டதுக்கே உங்களுக்குத் தனிப் பக்கம் குடுக்கலாம்.

முதல் வேலை, ஆளைத் தூங்க வைக்கிறதுக்கு முன்னாடியே மணிக்கட்டுல மரக்க ஊசி போட்டு ஆர்ட்டீரியல் லைன், அதாவது பிபியை ஒவ்வொரு துடிப்புக்கும் காட்ட ரத்தக்குழாய்க்குள்ள வைக்கிற மெல்லிய குழாய். பேஸ்மேக்கர் ஆளுக்கு இது ரெட்டை அவசியம். கட்டியால பிபி ஒரு நிமிஷத்துக்குள்ள 120ல இருந்து 240 போகும், கையில கட்டுற பட்டை காத்து ஏத்தி இறக்குறதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும். அடுத்தது, ஈசிஜியை நம்பக்கூடாது. மானிட்டர்ல பேஸ்மேக்கரோட கோடு அழகா வந்துட்டே இருக்கும், அந்தக் கோட்டுக்கு இதயம் சுருங்குதான்னு அது சொல்லாது. காட்டரி ஓடினா ஈசிஜி புல்லா கிறுக்கல்தான். ஆர்ட்டரி அலையும் விரல்ல மாட்டுற சாச்சுரேஷன் அலையும்தான் அப்ப துணை. சர்ஜன் காட்டரியை அமுக்குற ஒவ்வொரு தடவையும் கண்ணு அந்த சிவப்பு அலையில இருக்கணும், அலை தட்டையாச்சுன்னா 'நிறுத்துங்க சார்'னு வாயைத் திறந்து சொல்லணும், ஜூனியர்னு தயங்கக் கூடாது.

மயக்கம் குடுக்குறவங்களுக்கு நாடித் துடிப்புதான் மொழி. ஆழம் குறைஞ்சா நாடி ஏறும், ரத்தம் குறைஞ்சா ஏறும், வலிச்சா ஏறும். இந்த ஆளுகிட்ட அந்த மொழியில கட்டி ஒரு பக்கம் கத்துது, பேஸ்மேக்கர் இன்னொரு பக்கம் வாயைப் பொத்துது. ஒரே ரேட்ல ஓடுற மோடுன்னா ரத்தம் கொட்டினாலும் நாடி 80தான். சில மாடல்ல மூச்சோட அளவைப் பார்த்து ரேட்டை ஏத்துற சென்சார் இருக்கும், நாம வென்டிலேட்டரை மாத்தினாலோ, மானிட்டரோட மூச்சு அளக்குற கரண்டாலயோ அது ஏமாந்து நாடியை 120க்குத் தூக்கிடும், நீங்க கட்டியிலதான் கை வச்சுட்டாங்கன்னு நினைச்சு பிபி மருந்தை ஏத்துவீங்க. அந்த சென்சாரை முதல்லயே ஆஃப் பண்ணிடச் சொல்லணும்.

டேபிள்ல என்னன்னு கேட்டீங்க. பிபி இறக்க நைட்ரோபுரஸைடு, வெளிச்சம் பட்டா கெட்டுப்போகும், சிரிஞ்சையும் டியூபையும் ஃபாயில்ல சுத்தி வைங்க. கூட நைட்ரோகிளிசரின், மெக்னீசியம் சல்ஃபேட், எஸ்மோலால். பிபி ஏத்த நார்அட்ரினலின், வாசோபிரஸ்ஸின். ரெண்டு பக்கமும் லேபிள் ஒட்டி, பம்ப்புல மாட்டி, ஓட ரெடியா இருக்கணும். எடுத்து வைக்கக் கூடாததையும் சொல்லிடுறேன். வாந்திக்குன்னு மெட்டோகுளோப்ரமைடு கூடவே கூடாது, அது கட்டியைத் தூண்டி விடும், ஆன்டான்செட்ரான் வைங்க. கீட்டமின், எஃபிட்ரின் டிரேயிலயே வேண்டாம். அட்ராகூரியம் ஹிஸ்டமினை விடுவிக்கும், வெக்குரோனியமோ ரோக்குரோனியமோ போதும். சக்சினைல்கோலின் இந்த ஆளுக்கு ரெண்டு வகையில கெடுதல்: உடம்பு தசையெல்லாம் துடிக்கிறப்ப வயிறு இறுகி கட்டியைப் பிழியும், அதே தசைத் துடிப்பை பேஸ்மேக்கர் இதயம்னு நினைச்சு நின்னு போகும். கழுத்துல சென்ட்ரல் லைன் போடுறப்ப கைடுவயர் பேஸ்மேக்கர் ஒயர்கிட்ட போய் நோண்டக் கூடாது, ஒயர் புதுசா வச்ச ஆளுன்னா இழுத்துட்டு வந்துடும்.

தொண்டையில மூச்சு டியூப் போடுறது ஒரு கண்டம், வயித்துல கார்பன் டை ஆக்ஸைடு ஏத்துறது ரெண்டாவது. எப்பவும் அழுத்தத்தை 12, 15ன்னு ஏத்துறதை இந்த கேஸ்ல 8, 10லயே நிறுத்தச் சொல்லுவோம். மூணாவது, கட்டியைத் தொடுறது. கடைசியா ஒரு நேரம் வரும், சர்ஜன் 'வெயினைக் கிளிப் பண்றேன்'னு சொல்லுவார். வலது பக்கம்னா அந்த வெயின் ரொம்பக் குட்டை, நேரா உடம்போட பெரிய ரத்தக்குழாய்ல போய்ச் சேரும், அவருக்கும் அது கை நடுங்குற இடம்தான். அந்தக் கிளிப் விழுந்ததும் அட்ரினலின் வரத்து நின்னு போச்சு. அதுவரை இறக்குற மருந்தைப் பிடிச்சுட்டு இருந்த கை அதை நிறுத்திட்டு ஏத்துற மருந்தைத் திறக்கணும், ஃப்ளூயிடை ஓட விடணும். மத்தவங்களுக்கு இந்த நேரத்துல இதயம் வேகமெடுத்துக் கொஞ்சம் உதவும். டிபென்டென்ட் ஆளுக்கு நாமதான் கம்பெனி ஆளைக் கூப்பிட்டு 'ரேட்டை 90 வைங்க'ன்னு ஏத்தணும். அதுக்குத்தான் அவரை டீ குடிக்க கேன்டீனுக்கு அனுப்பிடாதீங்கன்னு சொல்றேன்.

கேள்வி: ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூல இருக்குறவருக்கு மணிக்கு ஒரு தடவை விரல்ல குத்தி சுகர் பார்க்குறாங்க. அவருக்கு சுகரே கிடையாதே?
(வாசகி, ஈரோடு)

பதில்: கிடையாதுங்கிறதுதான் பிரச்சனை. இத்தனை நாள் அந்தக் கட்டி இன்சுலினை அமுக்கி வச்சிருந்துச்சு, கட்டி போனதும் இன்சுலின் துள்ளிக்கிட்டு வரும், சுகர் சடார்னு இறங்கும். பீட்டா மாத்திரை எடுத்த ஆளுக்கு படபடப்பு, நடுக்கம்னு அறிகுறியும் சரியா காட்டாது. ஒண்ணு ரெண்டு நாள் குத்தட்டும். அங்க இருக்கும்போதே இன்னொண்ணு கேளுங்க, 'பேஸ்மேக்கரைத் திரும்பப் பழைய மோடுக்கு மாத்தியாச்சா?'ன்னு. தியேட்டர்ல மாத்தினதை யாராவது திரும்ப மாத்தணும், அதை செக் பண்ணி எழுதின பேப்பர் இல்லாம மானிட்டர் இருக்குற வார்டை விட்டு வெளியே வரக் கூடாது. கூட்டம் அதிகமான இடத்துல விட்டுப் போறது இதுதான்.

கேள்வி: எல்லா அட்ரீனல் கட்டியும் இப்படித்தானா? எனக்கு பொட்டாசியம் குறையுதுன்னு சொல்றாங்க.
(வாசகர், விழுப்புரம்)

பதில்: இல்ல. உங்களுக்கு ஆல்டோஸ்டிரோன் சுரக்குற வகையா இருக்கலாம், கான் சிண்ட்ரோம்னு பேரு. அதுல பிபி எகிறி விழுற நாடகம் கிடையாது, பொட்டாசியத்தை ஏத்திட்டு வந்தா நிம்மதியா பண்ணலாம். பொட்டாசியம் ஏறினாலும் இறங்கினாலும் இதயத்தோட தாளம் கெடும், ரொம்ப ஏறிட்டா பேஸ்மேக்கர் தட்டுறது இதயத்துக்குப் போய்ச் சேராமலே போயிடும், அதனால மாத்திரையை இஷ்டத்துக்குப் போடாதீங்க. கார்ட்டிசால் சுரக்குற வகையில ஆபரேஷனுக்கு அப்புறம் ஸ்டீராய்டு கொஞ்ச நாள் குடுக்கணும், இன்னொரு பக்க சுரப்பி தூங்கிப் போயிருக்கும். எந்தக் கட்டியா இருந்தாலும் முதல்ல மெட்டாநெஃப்ரின் டெஸ்ட் பார்க்காம ஊசி வச்சு சதை எடுக்க யாரையும் விடாதீங்க.

கேள்வி: இந்த ஆபரேஷனை முதல்ல யார் சார் பண்ணாங்க?
(மாணவர், மதுரை)

பதில்: 1926ல ரெண்டு பேர், ஒரே வருஷம். சுவிட்சர்லாந்து லோசான்ல சீசர் ரூ, அமெரிக்கா ராசெஸ்டர்ல சார்லஸ் மேயோ. மேயோவோட பேஷன்ட் ஒரு கன்னியாஸ்திரி. மேல சொன்ன டிரேயில இருந்த மருந்துல பாதிக்கு மேல அப்ப கிடையாது, உயிரோட எழுந்து வந்ததே பெருசு. லேப்பராஸ்கோப்பி வழியா எடுத்ததைக் கனடாவுல இருந்து கானியேன்னு ஒரு சர்ஜன் 1992ல எழுதினார். பேஸ்மேக்கர் கதை அதை விட சுவாரஸ்யம். 1958 அக்டோபர் 8, ஸ்வீடன்ல ஆர்னே லார்சன்கிறவருக்கு முதல் பெட்டியை உள்ள வச்சாங்க, அது சில மணி நேரம்தான் ஓடுச்சு. அதுக்கப்புறம் மாத்தி மாத்தி மொத்தம் 26 பெட்டி. 2001ல 86 வயசுல இறந்தார், தோல் புற்றுநோயால, இதயத்தால இல்ல.

இன்னொண்ணு, இந்தக் கட்டியை முதல்ல விவரிச்சது 1886ல ஜெர்மனி ஃபிரைபர்க்ல, பேஷன்ட் 18 வயசுப் பொண்ணு. 2007ல அந்தப் பொண்ணோட குடும்ப வாரிசுங்களை டெஸ்ட் பண்ணப்ப பரம்பரை ஜீன் கோளாறு இருந்தது தெரிஞ்சது. இந்தக் கட்டி வந்த மூணுல ஒருத்தருக்கு அப்படி ஒரு ஜீன் இருக்கும், அதனால காரைக்குடி, தஞ்சாவூர் வாசகிங்க ரெண்டு பேரும் பிள்ளைங்களுக்கும் ஒரு வார்த்தை டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.

கேள்வி: பேஸ்மேக்கர் கார்டு தொலைஞ்சு போச்சு. வச்ச ஆஸ்பத்திரியையும் மூடிட்டாங்க. இப்ப ஆபரேஷனுக்குக் கார்டு கேட்குறாங்க, என்ன பண்றது?
(வாசகர், திருச்சி)

பதில்: நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு எடுங்க. அந்தப் பெட்டியோட உருவத்தையும், உள்ள பொடியா தெரியுற குறியீட்டையும் வச்சே எந்தக் கம்பெனின்னு கண்டுபிடிச்சுடலாம், எக்ஸ்ரேவை போன்ல படம் எடுத்து ஹார்ட் டாக்டருக்கு அனுப்பினாலே பல பேரு சொல்லிடுவாங்க. கம்பெனி தெரிஞ்சா அவங்க புரோகிராமரை வச்சதும் மாடல், சீரியல் நம்பர், வச்ச தேதி எல்லாம் ஸ்கிரீன்ல வந்துடும், பெட்டிக்குள்ளேயே பதிஞ்சிருக்கும். அவங்ககிட்டயே புது கார்டு கேளுங்க. வந்ததும் ரெண்டு பக்கமும் படம் எடுத்து உங்க போன்லயும் பிள்ளைங்க போன்லயும் வச்சுக்கோங்க, ஒரிஜினலை பீரோவுக்குள்ள பூட்டாம பர்ஸ்ல வைங்க.